விசாலம் டீச்சர் சொன்ன அடிப்படுகை

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், கைபேசி அடித்தது. கரமனையிலிருந்து விசாலம் டீச்சரின் தம்பி. "அண்ணாச்சி, அக்கா விடிகாலம்பற போயிட்டா" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர், ரெண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஷட்டரை அப்படியே இறக்கிப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அழுகை வரவில்லை, வழியெல்லாம் கோபம்தான் வந்தது. "போயிட்டு வரேன் அண்ணாச்சி" என்று சொல்லாமல் ஒருநாளும் என் கடைப்படி இறங்காதவர். இப்போது மட்டும் என்ன அவசரம் என்று ஆட்டோக்காரரிடமே கேட்டுவிட்டேன். அவர் பாவம், ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

நம் தமிழ்க் கூடல் சங்கத்தில் டீச்சரை அறியாதவர்கள் இல்லை. இருந்தாலும் அண்மையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லுகிறேன். அவர் கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். திருவனந்தபுரத்தில் ஒரு பெண் எவ்வளவு பெரிய படிப்புப் படித்தாலும் டீச்சர்தான், அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. நான் ஆறுமுகம், ஆரியசாலையில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து போட்ட கடை. மொழியியலுக்கும் எவர்சில்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

அது கல்யாண சீசன். கடையில் நிற்க இடமில்லை. ஒரு அம்மாள் பருத்திப் புடவையும் கண்ணாடியுமாக வந்து ஓரமாக நின்றார். "நான் ஒண்ணும் வாங்க மாட்டேன். நீங்க விலை பேசறதைக் கேட்டுண்டு இப்படி மூலையில உக்காந்திருப்பேன். ஆட்சேபம் உண்டா?" என்றார். கையில் குட்டியாக ஒரு ரிக்கார்டர் வேறு. வரி ஆபீஸ் ஆள் என்று முடிவு கட்டி, ஏலக்காய் போட்ட டீ வரவழைத்து, இருக்கிற நாற்காலியில் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டேன். டீயைக் குடித்துவிட்டு, பேச்சுத் தமிழை ஆராய்கிறேன் என்றார். டீச் செலவு வீண் என்று தோன்றியதை இப்போது சொல்வதில் தப்பில்லை. பிற்பாடு அவரிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"மேடையில எல்லாரும் இஸ்திரி போட்ட தமிழ்தான் பேசுவா. விலை பேசறச்சேதான் இஸ்திரி கலையறது. எனக்கு அந்தக் கலைஞ்ச தமிழ்தான் வேணும்" என்பது அவர் கொள்கை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுத்தான் பதிவு செய்வார். யாரும் மாட்டேன் என்றதில்லை. பேரம் படியாமல் போனவர்கள்கூட டீச்சரிடம் நின்று, "நீங்களே சொல்லுங்க, இவர் கேக்குதது நியாயமா?" என்று முறையிட்டுப் போவார்கள். அவரும் வெட்கமில்லாமல் அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்வார். என் கடையில் உட்கார்ந்து என் டீயைக் குடித்துக்கொண்டு எனக்கே எதிர்க்கட்சி.

ஒருநாள் என் பேச்சையே எனக்குப் போட்டுக் காட்டினார். ஊரில் எல்லோரும் தமிழைக் கெடுக்கிறார்கள், நான் ஒருவன்தான் சுத்தமாகப் பேசுகிறேன் என்று கூடலில் நெஞ்சு நிமிர்த்தி வந்தவன் நான். ரிக்கார்டரில் என் குரல், "அந்தச் சருவம் ஒக்கே உள்ள அடுக்கியாச்சு, கேட்டோ" என்றது. ‘ஒக்கே’, ‘கேட்டோ’ ரெண்டும் அச்சு மலையாளம். இது நானில்லை என்று சத்தியம் செய்தேன். மறுபடியும் போட்டார். மறுபடியும் நான்தான். "வெக்கப்படாதேள் அண்ணாச்சி. ரெண்டு பாஷை பக்கத்துப் பக்கத்துல குடியிருந்தா உப்பு புளி கடன் வாங்கத்தான் செய்யும். ரெண்டும் உசுரோட இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் குடிநீர்க் குழாய்க்காக என் கடை வாசலில் பள்ளம் தோண்டினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. நான் குழாய்க்காரனைத் திட்டிக்கொண்டிருக்க, டீச்சர் பள்ளத்தின் விளிம்பில் குடையோடு நின்று ரசித்துக்கொண்டிருந்தார். மேலே புதுத் தார், அதன் கீழே பழைய தார், அதற்கும் கீழே சரளை, செங்கல் பொடி, செம்மண். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க ரோடு எப்பவும் ஒரே இடத்துல அமுங்கறதுன்னு சொல்லுவேளே, ஏன்னு பாருங்கோ. மேல எத்தனை தடவை தார் போட்டாலும் கீழ இருக்கற மண்ணு சொல்ற இடத்துலதான் அமுங்கும்" என்றார். பூமியைப் படிக்கிறவர்கள் இந்தக் கீழடுக்குக்கு சப்ஸ்ட்ராட்டம் என்று பெயர் வைத்ததாகவும், அந்தச் சொல்லை மொழியியல்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டதாகவும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "தமிழ்ல அடிப்படுகைன்னு எழுதறேன். ஆறு மேல ஓடறது, படுகை கீழ கிடக்கறது."

வாங்கிய சொல்லை அவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வாயாலேயே எழுதுகிறேன். "ஒரு ஜனக்கூட்டம் தன் பாஷையை விட்டுட்டு வேற பாஷைக்கு மாறிடறதுன்னு வச்சுக்கோங்கோ. விட்ட பாஷை வாயிலேர்ந்து போயிடும். வார்த்தை கொஞ்சந்தான் மிஞ்சும். ஆனா புதுசாப் பேசற பாஷையோட ராகத்துல, வாக்கியம் கட்டற விதத்துல, அது கீழ கிடந்து அமுக்கும். அந்த விட்டுப்போன பாஷைதான் அடிப்படுகை. மேலேர்ந்து வந்து ஆண்டுட்டுக் கடைசியில தன் பாஷையை விட்டவாளோடது மேற்படுகை. அது ஆபீஸ் வார்த்தை, கோர்ட் வார்த்தைன்னு எச்சம் வச்சுட்டுப் போகும். பக்கத்துல இருந்து கொடுக்கல் வாங்கல் பண்றது பக்கப்படுகை. உங்க கடையில நடக்கறது பக்கப்படுகையாக்கும்."

எல்லாம் புரிந்தது. புரிந்ததுதான் வினை. என் ஒரே மகள் மீனா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே மலையாளம். நான் தமிழில் கேட்பேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவாள். வீட்டில் தமிழ் பேச என் மனைவியும் இல்லை, அவள் போய்ச் சேர்ந்து அப்போதே சில வருஷம். "என் மக தமிழை விட்டுருவாளா டீச்சர்?" என்று கேட்டேன். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். சும்மா ஆறுதலுக்கு, அதெல்லாம் விடமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தெரியலை அண்ணாச்சி. உங்க கூடலுக்குக் கூட்டிண்டு வாங்கோ, ஒருநாள் நானும் வந்து பாக்கறேன்" என்றார்.

கூடல் அன்றும் இன்றும் என் கடை மாடியில்தான் கூடுகிறது. அப்போது அங்கே ஒரு சட்டம் இருந்ததைப் பழைய உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலையாளச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் தலைவர் நீலகண்டன் மேசைமணியைத் தட்டுவார். தட்டினால் அந்த ஆள் கூட்டம் முடியும்வரை எழுந்து நிற்க வேண்டும். தலைவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் மலையாளத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். அந்தத் தமிழ்ப் பசியை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் தீர்த்துக்கொண்டிருந்தார். மீனா வந்து ஒரு மூலையில் உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதற்கு வம்பு என்று இளசுகள் எல்லோருமே அப்படித்தான்.

டீச்சர் தாம் வந்த முதல் கூட்டத்திலேயே எழுந்து, "ஒரு சாயா கிடைக்குமா?" என்றார். மணி அடித்தது. சந்தோஷமாக எழுந்து நின்றார். நின்றபடியே எங்களை ஒவ்வொருவராகப் பேச்சுக்கு இழுத்தார். கரமனையிலிருந்து எந்த பஸ்ஸில் வந்தீர்கள், நேற்று வீட்டில் என்ன கூட்டான், மழையில் துணி காய்ந்ததா. பதிலில் மலையாளம் கலந்து, மணி அடித்து, ஒவ்வொருவராக எழுந்தோம். கடைசியில் நாற்காலியில் மிஞ்சியது தலைவர் ஒருவர். டீச்சர் அவரிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கைக்கு எட்டாத தூரத்தில் மேசைமணியை மெதுவாக நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். தலைவருக்கு வந்ததே கோபம். "எந்தாணிது டீச்சரே" என்று மலையாளத்தில் பாய்ந்தார். டீச்சர் மணியைத் தட்டினார்.

தலைவர் எழுந்து நின்ற அழகை நான் எழுதி முடியாது. அதுவரை வாய் திறக்காத மீனாதான் முதலில் சிரித்தாள். கூடம் முழுக்க நின்றுகொண்டு சிரித்தோம். "எல்லாரும் நிக்கறோமே, அப்போ இதுதான் நம்ம ஊர்த் தமிழ். உக்காந்து பேசலாமே" என்றார் டீச்சர். தலைவர் உட்கார்ந்தார், ஆனால் சட்டத்தை எடுக்கவில்லை.

அடுத்து நடந்தது ஆண்டு விழா. டீச்சர் நம் ஆண்டு மலரில் அடிப்படுகை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் முன் தலைவர் அதை மேலோட்டமாகப் புரட்டியிருக்கிறார். அடி, படுகை, ஆழம் என்று வந்ததும் மனிதருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. விழா மேடையில் சிவப்புத் துணியில் ஆள் உயர எழுத்தில் ‘தமிழே நம் அடிப்படுகை’ என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டார். டீச்சர் உள்ளே வந்தார், அண்ணாந்து பார்த்தார், அப்படியே முதல் வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று பயந்து தண்ணீர் கொண்டு ஓடினேன். பார்த்தால் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, தண்ணீரை வாங்கிக் குடித்து, மறுபடி துணியைப் பார்த்து மறுபடி சிரித்தார்.

ஒலிபெருக்கி முன் வந்தபோது சிரிப்பில்லை. "தலைவர் அன்போட எழுதியிருக்கார். ஆனா இந்த வார்த்தையை அடித்தளம்னு நினைச்சுண்டு எழுதிட்டார். அடித்தளம் நாம நின்னுண்டு இருக்கறது. அடிப்படுகை நாம விட்டுட்டு வந்தது. பேசறவா இல்லாமப் போன பாஷைக்குத்தான் எங்க சாஸ்திரத்துல இந்தப் பேரு. உசுரோட இருக்கற ஒருத்தர் படத்துக்கு மாலை போடற மாதிரி இருக்கு, நமக்கு வேண்டாம்" என்றார். தலைவர் முகம் துணியைவிடச் சிவந்தது. விழா முடியுமுன் வீட்டுக்குப் போய்விட்டார். ராஜினாமா என்று மறுநாள் பேச்சு அடிபட்டது.

அதற்கு அடுத்த நாள் காலையில் டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "துணி நன்னா இருக்கு, வீணாக்க வேண்டாம். கீழ இன்னும் இடம் இருக்கு, ஒரு வார்த்தை சேர்த்துடுங்கோ, நீங்களே எழுதணும், உங்க கையெழுத்துதான் லட்சணம்" என்றார். கையெழுத்தைப் புகழ்ந்தால் தலைவர் உருகிவிடுவார் என்று எப்படித்தான் தெரிந்ததோ. தலைவர் முறைத்துக்கொண்டே தூரிகை எடுத்து எழுதினார். இன்றும் நம் மாடியில் தொங்குகிற துணியின் கதை இதுதான்: ‘தமிழே நம் அடிப்படுகை ஆகிவிடாதே’. அடுத்த கூட்டத்திலிருந்து மேசைமணியைக் காணவில்லை. தலைவர் அதைத் தன் வீட்டுப் பூஜை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

மணி போனதும் இளசுகள் பேச ஆரம்பித்தார்கள். மீனாவுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் படிப்பு முடிந்து, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை மலையாளி, தங்கமான பிள்ளை, குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் அந்த வீட்டில் தமிழுக்கு வேலை இல்லை. கல்யாணச் சாப்பாட்டில் டீச்சர் மீனாவின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார். "உங்க பொண்ணு மலையாளத்துல கேள்வி கேக்கறச்சே கடைசியில ஒரு நீட்டு நீட்டறா. அது திருநெல்வேலி நீட்டாக்கும்" என்றார். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றேன். டீச்சர் என் இலையைப் பார்த்தபடி, "சந்தோஷப்படாதேள். நீட்டு மட்டும் மிஞ்சினா அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு நாள்தான் அவர் மேல் எனக்கு வருத்தம். கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சா இது? என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன். "அவ எந்த பாஷையில கேட்டாலும் நீங்க தமிழ்ல பதில் சொல்லுங்கோ. திருத்தாதேள்" என்றார். செய்தேன். மீனா தினமும் போனில் பேசுவாள். "அப்பா, எந்துண்டு விசேஷம்?" என்பாள். நான் தமிழில் ஒன்றுமில்லை என்பேன். சாப்பிட்டியா, மாப்பிள்ளை சௌகரியமா, மழையா என்று கேட்பேன். கழிச்சு, சுகம், உண்டு என்று மலையாளத்தில் பதில் வரும். அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்கும் ஒன்றும் தோன்றாது. போனை வைத்துவிட்டு அண்டாவைத் துடைப்பேன். இப்படியே போய்விடுமோ என்ற பயத்தை டீச்சரிடம் அவ்வப்போது சொல்வேன். "பாக்கலாம்" என்பார். அந்தப் பாக்கலாமுக்குள் அவருக்கு ஒரு வேலை இருந்தது எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் மாடியில் இரங்கல் கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலைவர் பேச எழுந்து, மூன்று சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பேச்சு அவ்வளவு சுருங்கி நான் கேட்டதில்லை. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து மீனா எழுந்தாள். மாப்பிள்ளையோடு வந்திருக்கிறாள், துக்கத்துக்கு உட்கார்ந்துவிட்டுப் போவாள் என்று நினைத்திருந்தேன். இந்தக் கூடத்தில் ஒரு வாக்கியம் பேசாத பெண்.

"எனக்குப் பிரசங்கம் ஒண்ணும் அறியாது. டீச்சர் எல்லா சனியாழ்ச்சையும் என்னை விளிப்பாங்க. என் கல்யாணம் கழிஞ்ச நாள் முதல். எதுக்குன்னா ஆபீஸ் வம்பு கேக்குததுக்கு" என்றாள். சனிக்கிழமைதோறும் டீச்சர் இவளுக்குப் போன் போட்டிருக்கிறார்! கூடம் நிமிர்ந்தது. "யாரு யாரோட சண்டை, யாருக்கு புரமோஷன், மேனேஜர் என்ன சொன்னான், எல்லாம் வேணும் அவங்களுக்கு. நான் மலையாளத்துலதான் தொடங்குவேன். ஒருக்கா கூட தமிழ்ல சொல்லுன்னு சொன்னதில்ல. ‘ஐயையோ, அப்புறம் அவ என்ன சொன்னா?’ன்னு அவங்க பாட்டுக்கு தமிழ்ல கேப்பாங்க. அப்படிக் கேட்டா என் வாயில தமிழ்தான் வருது, நான் என்ன செய்ய. வம்பு சொல்ல வீட்டு பாஷைதான் சுகம். என்கிட்ட ஆராய்ச்சி பண்ணுதீங்களான்னு ஒருநாள் கேட்டேன். இல்லடி, எனக்குப் பொழுது போகலைன்னாங்க."

யாரோ, இதை அப்பாவிடம் சொல்லலாமே என்றார்கள். தலைவர்தான் என்று நினைக்கிறேன். மீனா என்னைப் பார்த்தாள். "அப்பாட்ட வம்பு சொல்ல முடியாதுல்லா. சொன்னா உபதேசம் பண்ணுவாங்க" என்றாள். இரங்கல் கூட்டம் என்பதை மறந்து எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் அவள் குரல் உடைந்தது. "இனி சனியாழ்ச்சை யாரு விளிப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவர் போன நாளிலிருந்து வராத என் அழுகை அப்போதுதான் வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் என்னைச் சுருக்கென்று குத்திவிட்டுப் போன அந்த அம்மாள், அந்த வாரமே போனை எடுத்திருக்கிறார். வாராவாரம் எடுத்திருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து, மீனாவுக்கு அது பாடமாகிக் கசந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நேற்று சனிக்கிழமை. மத்தியானம் கடையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் அண்டா பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வியாபாரத்தில் மனமில்லை. மீனாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "எந்தா அப்பா, சுகமில்லையோ?" என்று பதறினாள். சுகத்துக்கு ஒன்றுமில்லை, ஆபீஸில் என்ன வம்பு என்று கேட்டேன். "அந்த தீபா உண்டல்லோ" என்று ஆரம்பித்தாள். தீபா யாரென்று எனக்குத் தெரியாது. தீபா யாருடைய வேலையையோ தன் வேலை என்று காட்டிவிட்டாளாம். ஒருத்தர் உழைப்பை இன்னொருத்தர் எடுக்கலாமா என்று உபதேசம் நாக்கின் நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஐயையோ, அப்புறம் நீ என்ன சொன்ன?" என்றேன். "நான் சும்மா விடுவேனாப்பா? நேரே போயி கேட்டேன், ஏ தீபா, ஒனக்கு நாணமில்லியான்னு கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அண்டா பார்க்க வந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். டீச்சரின் புத்தகங்கள் கல்லூரிக்குப் போகின்றன, ஒலிப்பதிவுகள் அவருடைய மாணவர்களுக்கு. எனக்கு வந்தது சனிக்கிழமை. அடுத்த வாரம் தீபா கதையின் மீதி இருக்கிறது.